பேச்சு வந்தாச்சு, வாக்கியம் வந்துச்சா?

நம் கொங்குப் பக்கம் வீட்டுக்கு ஒறம்பரை (உறவினர்) வந்தால், இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "பேசறானுங்களா?" என்பதுதான். பெற்றவர்களும் உடனே குழந்தையை முன்னால் நிறுத்துவார்கள். "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு." "ஏ ஃபார் என்ன?" "சிங்கம் எப்படிக் கத்தும்?" குழந்தை மூன்றையும் சொல்லிவிடும். எல்லோரும் கைதட்டுவார்கள். பேச்சு வந்துவிட்டது என்று முடிவாகிவிடும். அதே குழந்தைக்குத் தாகம் எடுத்தால் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்துப்போய்க் குடத்துக்கு முன்னால் நிறுத்துகிறது. "தண்ணி குடு" என்று வாயில் வருவதில்லை.

இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. ரைம்ஸ் தெரியாது, நிறங்களின் பெயர் தெரியாது. ஆனால் பொடக்காலியிலிருந்து (கொல்லைப்புறத்திலிருந்து) ஓடிவந்து, "அம்மிச்சி, நாயி பாலைக் குடிச்சிருச்சு" என்று அம்மாவின் அம்மாவிடம் சொல்கிறாள் ஒரு பெண் குழந்தை. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "இவ இன்னும் ஏபிசிடி சொல்ல மாட்டீங்கறா" என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

பேச்சு வளர்ச்சியில் முன்னால் போய்க்கொண்டிருப்பது இந்த இரண்டாவது குழந்தைதான். சொல் தெரிவதும் சொல்லைக் கோத்து வாக்கியம் ஆக்குவதும் ஒன்றல்ல. வாக்கியம் வருவதற்கு வீட்டில் நடக்க வேண்டியது என்ன, அதில் தமிழுக்கென்று உள்ள விஷயம் என்ன என்பதைக் கூடிய மட்டும் எளிதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

## நூல் இருந்தால் துணி ஆகாது

சோமனூர், பல்லடம் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். குடோனில் நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கலாம். அது துணி ஆகிவிடாது. பாவு நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். ஊடை, அதாவது குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற சின்னக் கட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டும், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஓர் இழை சேர்கிறது. போன நாடா திரும்பாவிட்டால் தறி நின்றுபோயிற்று என்று அர்த்தம்.

குழந்தைக்குத் தெரிந்த சொற்கள் நூல். வாக்கியம் துணி. பெரியவர் ஒன்று சொல்ல, குழந்தை ஒன்று சொல்ல, அதற்கு மறுபடியும் பெரியவர் ஒன்று சொல்ல என்று நடக்கிற போக்குவரத்துதான் நாடா. ஆய்வாளர்கள் இதை உரையாடல் சுற்று என்கிறார்கள். ஒருவர் பேசி, மற்றவர் அதற்கு ஒத்த பதில் தந்தால் ஒரு சுற்று. சின்னக் குழந்தை சொல்லாகத்தான் பதில் தர வேண்டும் என்பதில்லை. கை காட்டினாலும், "ம்" என்றாலும் பதில்தான்.

2018-ல் அமெரிக்காவில் 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து ஓர் ஆய்வு நடந்தது. குழந்தையின் காதில் விழுந்த மொத்தச் சொற்களின் எண்ணிக்கையைவிட, எத்தனை உரையாடல் சுற்று நடந்தது என்பதுதான் மொழித்திறனோடும் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்யும் அளவோடும் நெருக்கமாகப் பொருந்தியது. நாள் முழுக்க வீட்டில் டிவி ஓடுவதாலோ நாமே விடாமல் பேசிக்கொண்டிருப்பதாலோ மட்டும் பேச்சு வளர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரைம்ஸ் ஒப்பிப்பது தவறில்லை. ஒலிகளும் தாளமும் பழகும். ஆனால் பாட்டின் ஒரு முழு வரியே குழந்தைக்கு ஒரே நீளமான சொல்லாக இருக்கலாம். அதை உடைத்து, துண்டுகளை எடுத்து, வேறொன்று சொல்ல அதற்குத் தெரியாது. சார்ட்டில் இருக்கும் படத்துக்குப் பெயர் சொல்வதும் அப்படித்தான். பெயர் தெரிகிறது, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்கவோ மறுக்கவோ புகார் சொல்லவோ வருவதில்லை.

சுருக்கமாக: பெயர் சொல்வது, ஒப்பிப்பது, பேசுவது மூன்றும் வேறு வேறு. மூன்றாவது வளர்வதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் பதில் சொல்ல வேண்டும்.

## முதலில் புரியும், பிறகுதான் வரும்

குழந்தைக்கு எப்போதும் புரிகிற மொழி முன்னால் போகும், பேசுகிற மொழி பின்னால் வரும். முதலாவதை ஏற்கும் மொழி என்றும், இரண்டாவதை வெளிப்படுத்தும் மொழி என்றும் சொல்வார்கள். "செருப்பு எங்கே?" என்றதும் ஓடிப்போய் எடுத்துவரும் குழந்தை "செருப்பு" என்று சொல்வதற்கு இன்னும் பல மாதம் ஆகலாம். அந்த மாதங்கள் வீணில்லை.

ஏறக்குறைய ஒரு வயதில் முதல் சொல் வரும். பிறகு சொற்கள் மெதுவாகச் சேரும். ஐம்பது சொல்லை ஒட்டி வரும்போது பல குழந்தைகள் இரண்டு சொல்லை ஒட்ட ஆரம்பிக்கின்றன. இது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நடந்துவிடும். "அப்பா வண்டி", "பால் வேண்டா", "பூனை போச்சு".

இவை சின்னதாகத் தெரியலாம். ஆனால் "அப்பா வண்டி" என்பதில் உடைமை இருக்கிறது, "பால் வேண்டா" என்பதில் மறுப்பு இருக்கிறது, "பூனை போச்சு" என்பதில் ஒரு நிகழ்ச்சியே இருக்கிறது. முதன்முதலாகக் குழந்தை இரண்டு பொருள்களுக்கு நடுவே ஓர் உறவைச் சொல்கிறது. வாக்கியத்தின் விதை அங்கேதான். மூன்று வயதை ஒட்டி வீட்டார் அல்லாத ஆளுக்கும் பெரும்பாலும் புரிகிற மாதிரிச் சின்ன வாக்கியங்கள் பேசும். நாலு வயதில் நடந்த கதையைச் சொல்லும்.

## தமிழ் வாக்கியம் சொல்லின் வாலில் வளர்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளை வைத்து எழுதியவை. "இந்த வயதில் மூன்று சொல் வாக்கியம், அந்த வயதில் ஐந்து சொல் வாக்கியம்" என்று இருக்கும். அதைத் தமிழ்க் குழந்தைக்கு அப்படியே வைத்து எண்ணினால் கணக்குப் பிசகும்.

ராஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர், மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973-ல் வெளியிட்டார். அவர் சொற்களை எண்ணவில்லை, உருபன்களை எண்ணினார். உருபன் என்றால் பொருள் தருகிற மிகச்சிறிய துண்டு. அந்தக் கணக்கைத் தமிழில் போட்டுப் பாருங்கள். "வீட்டுக்கு வந்தேன்" என்பது இரண்டே சொல். துண்டாக்கினால் வீடு, கு, வா, கடந்த காலத்தைக் காட்டும் "ந்த்", நான் என்பதைக் காட்டும் "ஏன்" என்று ஐந்து. ஆங்கிலத்தில் இதையே சொல்ல மூன்று முதல் ஐந்து சொல் தேவைப்படும். அங்கே தனித்தனிச் சொல்லாக நிற்பவை இங்கே சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இரண்டரை வயதில் "வூட்டுக்கு வந்தேன்" என்று சொல்கிற குழந்தையைப் பார்த்து "ரெண்டு வார்த்தைதான் பேசறான்" என்று கவலைப்படுகிறவர்கள், அதன் வாலில் இருப்பதைக் கவனிக்கவில்லை.

அந்த வால் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சோதனை. "நாய், அண்ணன், தொரத்து." யார் யாரைத் துரத்தியது? தெரியாது. "அண்ணனை நாய் தொரத்துச்சு", "நாயை அண்ணன் தொரத்துனான்." இப்போது தெரிகிறது. சொற்களை முன்பின்னாக மாற்றி "நாய் அண்ணனைத் தொரத்துச்சு" என்றாலும் பொருள் மாறவில்லை. அந்த "ஐ"யும் "ச்சு", "ஆன்" என்ற முடிவுகளும்தான் எல்லாவற்றையும் சொல்கின்றன. ஆகவே தமிழ்க் குழந்தையின் பேச்சு வளர்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் "பாப்பாவுக்கு", "பாப்பாவோட", "பாப்பாகிட்ட" என்று வால் சேர்கிறதா என்பது. "போ" என்பது "போனேன்", "போறேன்", "போலாம்", "போகாத" என்று விரிகிறதா என்பது.

வினையின் வாலில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. "சாப்பிட்டீங்களா சாமி?" என்று குழந்தையிடம் நாம் கேட்கிறோம். பதில் "சாப்பிட்டேன்" என்று வர வேண்டும். கேள்வியில் வந்த முடிவு பதிலில் மாறிப்போகிறது. ஆள் மாறினால் வால் மாறும். இதை "திருப்பிச் சொல்லு" என்ற பயிற்சியால் கற்றுத்தரவே முடியாது. திருப்பிச் சொன்னால் குழந்தையும் "சாப்பிட்டீங்களா" என்றுதான் சொல்லும். யார் கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள் என்பதை உண்மையான பேச்சில் கேட்டுத்தான் குழந்தை இந்த வித்தையைப் பிடிக்கிறது. வீட்டில் பெரியவர்கள் தமக்குள் பேசுவதும் இதற்கு உதவும். "மருந்து வாங்கிட்டு வந்தீங்களா?" "வாங்கியாந்துட்டேன்" என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதை வட்டலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதைக் கற்கும் வழியில் தவறு வரும். "நான் சாப்பிட்டுச்சு" என்று ஒரு குழந்தை சொன்னால் சிரிப்பு வரும். நாமே "பாப்பா சாப்பிட்டுச்சு" என்று அதன் முன்னால் பேசியிருப்போம். அந்த முடிவை எடுத்து "நான்" என்பதன் பின்னால் வைத்துப் பார்க்கிறது. யாரும் சொல்லித்தராத ஒன்றைத் தானாகக் கட்டிப் பார்த்திருக்கிறது என்பதால், எனக்கு இந்தத் தவறு மிகவும் பிடிக்கும். ஒப்பிக்கிற குழந்தைக்கு இந்தத் தவறு வராது.

குழந்தை வாலை ஒரு கருவியாகவே கைக்கொண்டுவிட்டதா என்று அறிய அழகான வழி ஒன்று உண்டு. 1958-ல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சொல்லைக் கற்பனைப் பிராணி ஒன்றுக்குப் பெயராக வைத்து, "இப்போது இரண்டு இருக்கின்றன" என்று குழந்தைகளிடம் காட்டினார். அதுவரை கேட்டே இராத அந்தச் சொல்லோடு குழந்தைகள் பன்மை விகுதியைச் சரியாகச் சேர்த்தார்கள். வீட்டில் ஒரு துணிப் பொம்மைக்கு "மொப்பி" என்று பெயர் வைத்துப் பாருங்கள். குழந்தை "மொப்பிக்குப் பசிக்குது", "மொப்பியோட சட்டை" என்று சொன்னால், "க்கு", "ஓட" இரண்டும் அதன் சொந்தக் கருவிகள் ஆகிவிட்டன. "மொப்பிக்கு" என்று யாரும் அதற்குச் சொல்லித்தந்திருக்க முடியாது.

மூன்று வயதுக்குப் பிறகு நீளமான வாக்கியம் வருவதும் வாலின் வழியாகத்தான். "கடைக்குப் போயி, முட்டாய் வாங்கி, தின்னுட்டு வந்தேன்." இதில் போயி, வாங்கி, தின்னுட்டு எல்லாம் வினையெச்சம், அதாவது முடியாமல் அடுத்த வினைக்காகக் காத்து நிற்கும் வினை. தமிழில் கதை சொல்வதே இந்த வினையெச்சங்களின் தோளில்தான். "அம்மிச்சி குடுத்த பொம்மை" என்கிறபோது பெயருக்காகக் காத்து நிற்கும் பெயரெச்சமும் வந்துவிடுகிறது. இந்த இரண்டும் பேச்சில் தலைகாட்டினால் குழந்தையின் வாக்கியக் கட்டுமானம் நன்றாக ஓடுகிறது என்று நம்பலாம்.

சுருக்கமாக: சொற்களை மட்டும் எண்ணாதீர்கள். வால் சேர்கிறதா, ஆளுக்குத் தக்கபடி மாறுகிறதா, ஒரு வினை இன்னொரு வினையோடு கோக்கப்படுகிறதா என்று கேளுங்கள்.

## ஒரு துண்டு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய பயிற்சியெல்லாம் இல்லை. குழந்தை சொன்னதை வாங்கி, அதோடு ஒரு துண்டு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. இதற்கு விரித்துச் சொல்லல் என்று பெயர்.

தோட்டத்துச் சாலையில் அம்மிச்சியும் இரண்டு வயதுப் பேரனும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

"மாடு."

"ஆமாஞ் சாமி, மாடு வந்துருச்சு."

"மாடு வந்துச்சு."

"வந்துச்சா? தண்ணி குடிக்க வந்துச்சாட்ட இருக்குது."

"தண்ணி. மாடு தண்ணி."

"ம், மாட்டுக்குத் தண்ணி வெக்கலாமா?"

இதில் அம்மிச்சி எதையும் திருத்தவில்லை, "சொல்லு" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. "மாடு" என்பது "மாட்டுக்கு" ஆனதைக் குழந்தையின் காதில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். இன்றே அதைக் குழந்தை சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதையே, "மாடுன்னு சொல்லு. மா... டு. எங்க, இன்னொருக்கா சொல்லு" என்று ஆரம்பித்திருந்தால், மூன்றாவது தடவையில் பையன் எழுந்து ஓடியிருப்பான்.

தவறாகச் சொன்னாலும் வழி இதுதான். "நான் சாப்பிட்டுச்சு" என்றால், "சாப்பிட்டுச்சு இல்ல, சாப்பிட்டேன்னு சொல்லணும்" என்று பிடிக்க வேண்டாம். "சாப்பிட்டீங்களா? நானும் சாப்பிட்டேன், வயிறு ரொம்பிருச்சு" என்று சரியான வடிவத்தை நம் பேச்சில் வைத்துவிட்டால் போதும். இது திருந்திய வடிவம் தருதல். விஷயத்துக்குப் பதில் கிடைத்ததில் குழந்தைக்குப் பேச்சு நிற்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமானது காத்திருப்பது. நாம் கேள்வி கேட்டு ஒரு நொடிகூட ஆகாமல் நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். பெரிய குடும்பமாக இருந்தால் அத்தை ஒரு பக்கம், அப்பாரு ஒரு பக்கம் என்று குழந்தைக்காக வீடே பதில் சொல்லும். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சின்னக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுத்து, வாலைப் பொருத்தி, வாயில் கொண்டுவர அவ்வளவு நேரம் தேவைப்படும்.

கேள்விகளிலும் தரம் உண்டு. "இது என்ன?" என்பது பதில் தெரிந்துகொண்டே கேட்கிற பரீட்சைக் கேள்வி, ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "கம்மங்கூழு வேணுமா, தயிர்ச்சோறு வேணுமா?" என்பது உண்மையான கேள்வி. பதிலை வைத்து ஏதோ நடக்கப்போகிறது என்பது குழந்தைக்குத் தெரியும். இரண்டு வயதுக்கு இந்தத் தேர்வுக் கேள்வி, மூன்றுக்குப் பிறகு "எதுக்கு?", "அப்பறம் என்னாச்சு?" என்பவை.

மம்மு, பாச்சி, ஜூஜூ என்று கொஞ்சிப் பேசுவது பேச்சைக் கெடுக்கும் என்று ஒரு பயம் இருக்கிறது. கெடுக்காது. குரலை ஏற்றி இறக்கி, இழுத்து, மெதுவாகப் பேசுவது கைக்குழந்தையின் காதை இழுக்கும். நாம் வாலை வெட்டாமல் இருந்தால் சரி. "பாப்பா மம்மு" என்று நிறுத்துவதைவிட "பாப்பா மம்மு சாப்பிடறீங்களா?" என்று முழுதாகக் கேட்பது நல்லது. குழந்தையையே "வாங்க, போங்க" என்று கூப்பிடும் நம் பக்கத்து வழக்கம் இதற்கு மிகவும் கைகொடுக்கிறது. "வா" ஒன்றோடு நிற்காமல் "வாங்க", "வந்தீங்களா", "வர்றீங்களா" என்று வால் விதவிதமாகக் காதில் விழுகிறது.

## செல்போன் ஏன் பேசக் கற்றுத்தருவதில்லை

2003-ல் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ஆங்கிலம் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை அறிமுகம் செய்து பார்த்தார்கள். சிலருக்கு நேரில் ஆள் வந்து 12 அமர்வுகளில் படித்துக்காட்டி விளையாடினார். சிலருக்கு அதே ஆள், அதே பேச்சு, திரையிலோ ஒலிப்பதிவிலோ. நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகளைப் பிரித்தறியும் திறன் வந்தது. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளுக்கு வரவில்லை. திரை காத்திருக்காது. குழந்தை கை காட்டிய பக்கம் திரும்பாது. "மாடு" என்றால் "ஆமாஞ் சாமி" என்னாது.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி இரண்டு வயதுக்குள் திரை நேரம் வேண்டாம். இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைய குறைய நல்லது.

திருப்பூரில் அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் ஷிப்டு போகிற வீட்டில், முட்டி வலியோடு இருக்கிற ஆத்தாவிடம் குழந்தையை விட்டுவிட்டு, போனே கொடுக்கக் கூடாது என்று சொல்வது எளிது. அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே கேட்கிற கேள்வி வேறாக இருக்க வேண்டும்: சோறு ஊட்டும் நேரம், குளிப்பாட்டும் நேரம், தூங்கப்போகும் நேரம் இந்த மூன்றிலாவது போனை எடுத்து வைக்க முடியுமா? நல்ல பேச்சு நடப்பது பெரும்பாலும் இந்த மூன்று நேரத்தில்தான். வெளியூரில் இருக்கும் அப்பாவோடு வீடியோ கால் பேசுவது இந்தக் கணக்கில் வராது. அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

## கடலைக்காய் உரிக்கிற நேரம்

தனியாகப் பாடம் எடுக்க வேண்டாம். வீட்டு வேலை ஒன்றைக் குழந்தையோடு ஒட்டுக்கா உட்கார்ந்து செய்தால் போதும். திண்ணையில் நிலக்கடலை உரிப்பது மாதிரி எதுவாக இருந்தாலும் சரி. (நாலு வயதுக்குக் கீழே இருந்தால் முழுப் பருப்பை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொண்டையில் அடைக்கும்.) உரித்த பருப்பு போசிக்குள் (பாத்திரத்துக்குள்) போகிறது, தொக்கு (தோல்) வெளியே போகிறது, சொத்தை தனியாகப் போகிறது. "உள்ளே, வெளியே, போசியில, போசியிலிருந்து" என்ற வால்களெல்லாம் கைவேலையோடு சேர்ந்து வருகின்றன.

"அம்மிணி, இது ஏன் அக்கட்டால வெச்சீங்க?"

"சொத்தை."

"ஓ, சொத்தையா இருக்குதுன்னு தனியா வெச்சுட்டீங்களா?"

"ம், சொத்தையா இருந்துச்சு, அதான் வெச்சேன்."

மூன்றரை வயதில் காரணத்தோடு ஒரு வாக்கியம் வந்துவிட்டது. பாடம் நடத்தியிருந்தால் "இதன் நிறம் என்ன?" என்றுதான் கேட்டிருப்போம்.

படத்தைப் பார்த்துப் பேசுவதும் இப்படியே. 1988-ல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர், புத்தகம் படிக்கும்போது பெரியவர் படித்துக்கொண்டே போகாமல் குழந்தையைக் கதை சொல்ல விட்டு, அது சொன்னதை விரித்துச் சொன்னால் பேச்சு வேகமாக வளர்கிறது என்று காட்டினார்கள். வீட்டில் குழந்தைப் புத்தகம் இல்லையென்றால் கல்யாண ஆல்பம் போதும். தெரிந்த முகங்கள், நடந்த விஷயங்கள். "அப்பிச்சி என்ன பண்றாரு இதுல?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

இன்னொன்று, சாயங்காலம் அப்பா வந்ததும் அன்றைக்கு நடந்ததைக் குழந்தை சொல்வது. பக்கத்தில் இருந்தவர் "நாம சந்தைக்குப் போனோமே, அங்க என்ன பார்த்தோம்?" என்று நூல் எடுத்துக் கொடுக்கலாம், கதையைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அங்கே இல்லாத ஆளுக்கு நடந்ததைச் சொல்லும்போதுதான் யார், எங்கே, யாரோடு என்று எல்லா வாலும் தேவைப்படுகிறது.

## வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ்

கோவையிலும் ஈரோட்டிலும் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற வீடுகள் ஏராளம். திருப்பூரில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற பிள்ளைகள் அங்கன்வாடிக்கு வருகிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை. எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவுதான். பெற்றவர்கள் தமக்கு மிகவும் இயல்பாக வரும் மொழியில் பேசுவதுதான் குழந்தைக்கு வளம்.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. பள்ளிச் சேர்க்கைக்காக, தமிழில் தாராளமாகப் பேசக்கூடிய அம்மா அதை நிறுத்திவிட்டு "கம் கம்", "ஈட் பண்ணு", "ஷூ வேர் பண்ணு" என்று மாறிவிடுகிறார். அந்த இங்கிலீஷில் கட்டளையும் பெயர்ச்சொல்லும்தான் இருக்கின்றன. கதை இல்லை, காரணம் இல்லை, கேலி இல்லை, "அப்பறம் என்னாச்சு" இல்லை. குழந்தைக்கு எந்த மொழியிலும் முழு வாக்கியம் கிடைக்காமல் போகிறது. தமிழில் வாக்கியம் கட்டிப் பழகிய குழந்தை அந்தத் திறனோடுதான் இங்கிலீஷுக்கும் போகும்.

## வசம்பு, நாக்கு, "பையனுக லேட்டாத்தான் பேசுவானுக"

பையன்கள் சராசரியாகக் கொஞ்சம் பின்னால் வருவது உண்மை. அது சில மாதக் கணக்கு, வருடக் கணக்கு அல்ல. "அவங்க அப்பாரும் அஞ்சு வயசுலதான் பேசுனாரு" என்று காத்திருப்பதில் விலைமதிப்பற்ற காலம் போய்விடுகிறது.

நாக்கின் அடியில் சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம். சொல்லே வராமல் போவதற்கும் வாக்கியம் அமையாததற்கும் அது காரணம் ஆகாது. நாக்கில் வசம்பு தடவுவதால் பேச்சு வந்துவிடாது. ஒரு வயதுக்குள் தேன் தடவுவது ஆபத்து, அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கும்.

## எப்போது போய்க் காட்ட வேண்டும்

ஒரு வயது ஆகியும் "பாபா, மாமா" போன்ற மழலை ஒலிகளே இல்லை, கை காட்டிக் கேட்பதில்லை. பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் தானாக இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்த வயதிலும், வந்த பேச்சு மறைந்துபோகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் போக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது காது. கதவு அடித்தால் திரும்புகிறது என்பது போதாது. தாழ்ந்த சுருதியில் வரும் ஒலி கேட்டு, உயர்ந்த சுருதியில் வரும் ஒலி கேட்காத குழந்தைக்கு மற்ற சொல்லெல்லாம் தெரியும், சொல்லின் வால் மட்டும் காதில் விழாமல் போகலாம். அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டினாலும் இப்படி ஆகலாம். பிறந்த குழந்தைக்கே கேட்கும் திறனைச் சோதிக்க முடியும். காதுக்குள் சின்ன ஒலி விட்டு உட்காதின் எதிரொலியைப் பதிவு செய்வது ஒன்று, குழந்தை தூங்கும்போது மூளை ஒலிக்குத் தரும் பதிலைப் பதிவு செய்யும் பெரா பரிசோதனை இன்னொன்று. இரண்டிலும் வலி இல்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டிய வீடுகளில் பிறவியிலேயே கேட்கும் குறை வர வாய்ப்புக் கூடுதல் என்பதால், அங்கே இந்தச் சோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. பெரிய அளவில் கேட்கும் குறை இருந்து காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து உட்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) தேவைப்பட்டால், சின்னக் குழந்தைகளுக்கு அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறார்களோ அவ்வளவுக்குப் பேச்சு வரும்.

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். பேச்சுத் தாமதமும் அவர்கள் பார்க்கிற பட்டியலில் இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டால் குழு எப்போது வருகிறது என்று சொல்வார்.

போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். புது இடத்தில், வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் பெரும்பாலான குழந்தைகள் வாயே திறக்காது. அதனால் வீட்டில் விளையாடும்போது, சாப்பிடும்போது குழந்தை பேசுவதை அதற்குத் தெரியாமல் போனில் சில நிமிடம் பதிவு செய்து எடுத்துப் போங்கள். எந்த வயதில் எந்தச் சொல் வந்தது என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொற்களை நீங்களாகத் திருத்தி எழுதாமல் குழந்தை சொன்ன மாதிரியே எழுத வேண்டும். "மாடு தண்ணி" என்று சொன்னதை "மாட்டுக்குத் தண்ணி" என்று எழுதிவிட்டால், பார்க்க வேண்டிய இடமே பேச்சுப் பயிற்சியாளரின் கண்ணில் படாமல் போய்விடும்.